மௌனம் பேச்சாகும் இடம்: கோவையில் ஒரு பழைய கார் வாங்கிய நினைவு

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், மோசடி என்பது எது என்று தன் 17ஆம் பிரிவில் வரையறுக்கும்போது மௌனத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அதனை விளக்குவதற்குக் குதிரை விற்பனையை எடுத்துக்காட்டாக வைக்கிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவர் அதனை ஏலத்தில் விற்று, குறையைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் மட்டும் மோசடி ஆகாது என்பது முதல் எடுத்துக்காட்டு. வாங்குபவர் விற்பவரின் சொந்த மகளாகவும் அப்போதுதான் உரிய வயதை எட்டியவளாகவும் இருந்தால், குறையைச் சொல்ல வேண்டிய கடமையை அந்த உறவே விற்பவர்மேல் சுமத்திவிடுகிறது என்பது இரண்டாவது. மூன்றாவது எடுத்துக்காட்டில் உறவு ஏதுமில்லை. ஆனால் வாங்குபவர், மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே கொள்ளப்போவதாக முன்கூட்டித் தெரிவித்துவிடுகிறார், அதன் பிறகு விற்பவர் காக்கும் மௌனம் பேச்சுக்கு ஒப்பானதாகிவிடுகிறது. இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது 19ஆம் பிரிவின் விதிவிலக்கு: மௌனத்தால் ஏமாற்றப்பட்டவர் சாதாரணக் கவனத்துடன் முயன்றிருந்தாலே உண்மையைக் கண்டறிந்திருக்க முடியும் என்றால், அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமையை இழக்கிறார். ஆகவே வாங்குபவர் கேட்கவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும். பயன்படுத்திய கார்களின் வியாபாரம் இந்த மூன்று குதிரைகளுக்கு இடையிலேயே நடந்துவருகிறது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்னும் நிலையைப் பொருளியலார் தகவல் சமமின்மை என்பர். இதனைப் பழைய கார்ச் சந்தையை வைத்தே விளக்கியவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப். 1970ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஆய்வுரை, 2001ஆம் ஆண்டில் நோபல் பரிசை அவர் மற்ற இருவருடன் பகிர்ந்துகொள்வதற்கு அடிப்படையாயிற்று. நல்ல வண்டியையும் கெட்ட வண்டியையும் பிரித்தறிய இயலாத வாங்குபவர் இரண்டுக்கும் நடுத்தரமான ஒரு விலையையே தரத் துணிவார் என்பதாலும், அந்த விலைக்குத் தம் நல்ல வண்டியைத் தர மனமில்லாதவர்கள் சந்தையை விட்டு விலகிவிடுவார்கள் என்பதாலும், எஞ்சுவது பெரும்பாலும் குறையுள்ள வண்டிகளாகவே இருக்கும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். உத்தரவாதம், நிறுவனப் பெயர், உரிமம் ஆகியவை இந்தச் சரிவைத் தடுக்கும் ஏற்பாடுகள் என்றும் அவர் காட்டினார். அந்தப் பட்டியலில், வாங்குபவர் தம் பங்குக்கு உண்மை பேசுவது என்ற ஒன்றையும் சேர்க்க வேண்டும் என்னும் எண்ணம் இக்கட்டுரையை எழுதுபவருக்கு ஏற்பட்டது, 2016ஆம் ஆண்டில் கோவையில் அவருடைய குடும்பம் ஒரு பழைய காரைக் கொடுத்து, அதைவிடப் புதிய மற்றொரு பழைய காரை வாங்கியபோதுதான்.

கொங்கு வட்டாரத்தில் பழைய வண்டி வாங்குவதற்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ‘ஆட்டோ கன்சல்டிங்’ என்று பலகை வைத்திருக்கும் கடைகள். தரகரும் வியாபாரியும் ஒருவரேயான இந்தக் கடைகளில் சில வண்டிகள் கடைக்காரருக்குச் சொந்தமாகவும், சில வேறொருவர் விற்றுத் தரச் சொல்லி நிறுத்திவிட்டுப் போனவையாகவும் இருக்கும். மற்றொன்று, கார் உற்பத்தி நிறுவனங்களின் முகவர்கள் நடத்தும் பழைய கார் விற்பனையகம். மாருதி நிறுவனம் ‘ட்ரூ வேல்யூ’ என்ற பெயரில் 2001ஆம் ஆண்டில் தொடங்கிய இம்முறையைப் பின்னர் பிற நிறுவனங்களும் கைக்கொண்டன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக, பல நிறுவனங்களின் கார்களையும் விலைக்கு வாங்கிச் சீர்செய்து விற்கும் தனியார் டீலர்களும் பெருகத் தொடங்கியிருந்தனர். குடும்பம் அணுகியது இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தை. எவ்வழியில் வாங்கினாலும் அன்றைய நடைமுறையில் ஓர் ஒற்றுமை இருந்தது: வண்டியைக் கையில் வைத்திருந்து, விலை பேசி, பணம் வாங்கும் டீலரின் பெயர் ஆர்.சி. புத்தகம் எனப்படும் பதிவுச் சான்றின் எந்த இடத்திலும் வராது. முந்தைய உரிமையாளரின் பெயரிலிருந்து புதியவரின் பெயருக்கு வண்டி நேரே மாறியதாகவே அரசு ஆவணம் சொல்லும். நடுவில் வண்டியை வைத்திருந்தவருக்கு ஆவணத்தில் இடமில்லாதபோது, அவருடைய சொல்லைப் பிடித்து வைக்கும் பொறுப்பு வாங்குபவரையே சேர்ந்தது.

குடும்பத்திடம் இருந்தது 2003ஆம் ஆண்டின் மாருதி ஜென். தனியார் காருக்கான பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன் பிறகு தகுதிச் சான்று பெற்று ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கெடு நெருங்கியதாலும், வீட்டில் முதியவர்கள் ஏறி இறங்க உயரமான வண்டி தேவைப்பட்டதாலும், ஜென்னை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு வேகன் ஆர் போன்ற ஒரு காரை வாங்குவதென முடிவாயிற்று. ஜென்னுக்கு வெளியே தெரியாத இரண்டு குறைகள் இருந்தன. ஏ.சி. கம்ப்ரஸர் வெயில் ஏறிய நேரத்தில் மட்டும் உறுமும், காலை வேளையில் ஓட்டிப் பார்ப்பவருக்கு அந்த ஓசை கேட்காது. பின்பக்க இடது மூலை ஒருமுறை லாரியில் உரசி நசுங்கி, டிங்கரிங் என்று பட்டறையில் சொல்லப்படும் தகடு நிமிர்த்தும் வேலைக்கும் வண்ணப்பூச்சுக்கும் உட்பட்டிருந்தது. அந்த வேலைக்கான செலவைக் குடும்பமே ஏற்றுக்கொண்டிருந்தது, காப்பீட்டில் கோரவில்லை. காரணம், என்.சி.பி. எனப்படும் கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான தள்ளுபடி. காப்பீட்டில் இழப்பீடு கேட்காத ஒவ்வோராண்டுக்கும் அடுத்த ஆண்டின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனப் படிப்படியாக ஏறும் இத்தள்ளுபடி, ஒருமுறை கோரிவிட்டாலே அற்றுப்போகும். சிறு விபத்துகளைக் கைப்பணத்தில் சரிசெய்துகொள்ளும் வழக்கம் பரவியிருப்பதற்கு இதுவே காரணம். இதிலிருந்து பழைய கார் வாங்குபவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு: காப்பீட்டு ஏட்டில் கோரிக்கை இல்லை என்பது விபத்து இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஜென்னின் பின்மூலையைப் பற்றி உலகத்தில் எந்த ஏட்டிலும் எழுத்து இல்லை. அது தெரிந்தவர்கள் சொன்னால் மட்டுமே தெரியக்கூடியது.

குடும்பத்தின் தாய்மாமன், பழைய லேத் இயந்திரங்களை வாங்கிச் சீர்செய்து விற்றுப் பல ஆண்டுகள் தொழில் நடத்தியவர். வண்டி பிடித்திருந்தாலும் முகத்தில் காட்டக் கூடாது, வங்கிக் கடன் ஏற்பாடாகிவிட்டதைச் சொல்லக் கூடாது, ஜென்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும், கேளாததைச் சொல்லத் தேவையில்லை என்பன அவர் தந்த அறிவுரைகள். தீய நோக்கத்தில் பிறந்தவை அல்ல அவை. விற்பவரும் வாங்குபவரும் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்வதே வியாபாரம் என்று ஒப்புக்கொண்ட இடத்தில் பழகியவரின் நியாயம் அவற்றில் இருந்தது. சட்டத்தின் முதல் குதிரையும் அவர் பக்கமே நின்றது. ஆனால் வாங்கப்போகும் காரைப் பற்றி டீலரிடம் உண்மையைக் கேட்க எண்ணியிருந்த வீட்டில், கொடுக்கப்போகும் காரைப் பற்றி மௌனம் காப்பது எப்படிப் பொருந்தும் என்ற கேள்வியை வீட்டுத் தலைவி எழுப்பினார். அந்த ஜென் டீலரின் கொட்டகையிலேயே நின்றுவிடப்போவதில்லை, முதல் கார் வாங்கும் யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போய்ச் சேரும், அங்கே மே மாத வெயிலில் கம்ப்ரஸர் உறுமும்போது செலவு செய்யப்போகிறவர் டீலர் அல்லர் என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்கு மாமனிடம் விடை இருக்கவில்லை. ஆயினும் அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

டீலரின் மதிப்பீட்டாளர் வந்து ஜென்னைப் பார்த்தபோது நேரம் காலை, ஏ.சி. அமைதியாக ஓடிற்று. பின்மூலையில் அவர் விரல்கள் தடவிச் சென்றனவே தவிர நிற்கவில்லை. அவர் தாளை எழுதி முடிப்பதற்குள் இரண்டு குறைகளும் அவரிடம் சொல்லப்பட்டன. அவர் வியப்பையோ நன்றியையோ காட்டவில்லை. குறித்துக்கொண்டு, கம்ப்ரஸருக்கு ஒரு தொகையையும் டிங்கரிங்குக்கு அதைவிடக் கூடுதலான ஒரு தொகையையும் விலையிலிருந்து கழித்தார். கழிவு வேலையின் அளவுக்கு மிகுதி என்றே பட்டது. தகட்டு வேலை நடந்த கார் என்று தாளில் ஏறிவிட்டால், வேலை எவ்வளவு சிறியதானாலும், அடுத்து வாங்குபவர் பேரம் பேச அது போதும் என்பது அவர் தந்த விளக்கம். அதில் உண்மை இருந்தது. நேர்மையால் உடனடி ஆதாயம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்போடு அதனைக் கைக்கொள்பவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் முதல் நாளிலேயே கைவிட்டுவிடுவார்கள் என்பதால், குடும்பத்துக்கு இந்தப் பரிமாற்றத்தில் பணம் குறைந்தது என்பதையும், அந்தப் பணம் வேறெந்த வழியிலும் திரும்ப வரவில்லை என்பதையும் பதிந்துவைக்க வேண்டியிருக்கிறது.

டீலரின் முற்றத்தில் முதலில் காட்டப்பட்டது 2013ஆம் ஆண்டின் டீசல் கார் ஒன்று. பதிவெண் டி.என். 07 என்று தொடங்கியது. அது தென்சென்னை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு உரியது. ஓடிய தூரம் குறைவு, உட்புறம் புதிதுபோல் இருந்தது, விலையும் எதிர்பார்த்ததைவிடக் கீழே. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் அடையாறு கரைமீறி, முடிச்சூர், கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை போன்ற பகுதிகளில் வீட்டு வாயில்களில் நின்ற கார்கள் நீரில் மூழ்கி ஓராண்டு கூட ஆகியிருக்கவில்லை. சீர்செய்யும் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அந்த வண்டி முழு இழப்பாகக் கொள்ளப்பட்டு, உரிமையாளருக்கு இழப்பீடு தரப்படும். வண்டியின் கூடு ஏலத்தில் போகும். ஏலம் எடுத்தவர் அதனைச் சீர்செய்து, வெள்ளம் வராத ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பதை இதுவரை எந்த ஏற்பாடும் முழுமையாகத் தடுத்ததில்லை. சென்னைப் பதிவெண் கொண்ட கார்கள் எல்லாம் நீரில் நின்றவை என்று ஐயுறுவது அநீதி. கேளாமல் விடுவதும் அறிவுடைமையன்று.

நீரில் நின்ற காரின் தீங்கு உடனே தெரிவதில்லை. நீர் வடிவதற்கு முன் எஞ்சினை இயக்காமல் விட்டிருந்தால், எண்ணெய்களை மாற்றியபின் எஞ்சின் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் தரைவிரிப்புக்கு அடியில் ஓடும் கம்பிக் கற்றைகளின் இணைப்பு முனைகளும், நடுப்பகுதியில் தரையை ஒட்டிப் பொருத்தப்படுவது வழக்கமான ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும், ஆல்டர்னேட்டரும், சக்கரத் தாங்கிகளும் மெல்ல மெல்ல அரித்து, பல மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும். உடன் வந்திருந்த கணபதிப் பகுதி மெக்கானிக், இருக்கைகளை நகர்த்தும் தண்டவாளத்தின் போல்டுகளைக் கைவிளக்கில் பார்த்தார். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியின் விளிம்பைத் தடவினார். சீட் பெல்ட்டை அதன் கடைசி அங்குலம்வரை வெளியே இழுத்தார். தோய்த்துத் துடைத்த பெல்ட்டிலும் சுருளின் உட்பகுதியில் சேறு தங்கிவிடும் என்பதால், இது எளிய சோதனையானாலும் பயன் மிக்கது. அந்த பெல்ட்டின் கடைசிச் சாணில் பழுப்பு நிறக் கோடு ஒன்று இருந்தது. தரைவிரிப்போ காரின் வயதுக்குப் பொருந்தாதபடி புத்தம் புதிது. ஆனால் கோடு ஒரு குறிப்பே ஒழிய முடிவு அன்று.

விற்பனையாளரான இளைஞரிடம், இந்த வண்டி வெள்ளத்தில் நின்றதா என்று நேராகக் கேட்கப்பட்டது. “வண்டி நல்ல கண்டிஷன்ல இருக்குதுங்க சார், நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க” என்றார் அவர். இது பொய்யன்று, கேள்விக்கு விடையும் அன்று. பழைய கார் வியாபாரத்தில் தீங்கு மிகுதியாக விளைவது அப்பட்டமான பொய்யால் அல்ல, இவ்வாறு கேள்வியின் அருகே வந்து ஒதுங்கிப்போகும் வாக்கியங்களால்தான். கேட்டவர் விடை பெற்றதாக எண்ணிக்கொண்டு வீடு திரும்புவார். சொன்னவர் தாம் எதையும் மறுக்கவில்லை என்று பின்னாளில் மெய்யாகவே கூறுவார். அந்த இளைஞர் தமக்குக் கற்பிக்கப்பட்டதைச் சொன்னார் என்பதால் அவர்மேல் சினம் கொள்ள ஒன்றுமில்லை. பேச்சு மேலாளரின் மேசைக்கு மாற்றப்பட்டது. அங்கே கட்டுரையாளர் ஒரு வெள்ளைத் தாளில் பதிவெண்ணை எழுதி, இவ்வண்டி நீரில் மூழ்கியதில்லை என்றும், சாசியின் எந்தப் பகுதியும் விபத்தில் வெட்டி ஒட்டப்படவில்லை என்றும், மீட்டர் திருப்பப்படவில்லை என்றும் மூன்று வாக்கியங்களைக் கீழே எழுதி, இவற்றுள் தவறானது எது என்று இப்போது சொன்னால் அதற்கேற்பப் பேசலாம், சொல்லாவிட்டால் இவை மூன்றும் உண்மை என்று கொண்டு அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதித் தருமாறு கேட்கப்போவதாகத் தெரிவித்தார். மூன்றாவது குதிரையின் கதையை அப்போது அவர் அறிந்திருந்தார். மேலாளர் அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. ரசீதில் எழுதும் வாக்கியத்தின் எடை வியாபாரம் செய்யும் எவருக்கும் தெரியும்.

மேலாளர் தாளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தண்ணி ஏறுன வண்டிதாங்க. சீட்டு மட்டத்துக்கு ஏறியிருக்கு. வயரிங் பூரா மாத்திட்டோம், பில் இருக்குது” என்றார். பில்லும் இருந்தது. விலையை மேலும் குறைக்கவும் அவர் முன்வந்தார். அவருடைய விடை, ஜென்னின் குறைகளைச் சொன்னதற்குக் கைம்மாறாக வந்தது என்று கொள்வது பொருந்தாது; எழுதிக் கேட்டதனால் வந்தது அது. கேட்கும் வரையில் அந்த வண்டி வெள்ளம் கண்டதென்று யாரும் சொல்லவில்லை என்பதை மறக்கவோ மறைக்கவோ இயலாது. அதே வேளையில், நீர் ஏறிய கார் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்குரிய விலைக்கு, பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் விற்பது முறையான வியாபாரமே. பட்டறை வைத்திருப்பவருக்கு அந்தக் கார் நல்ல கொள்முதலாக அமையக்கூடும். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அதனையே நம்பி இருக்கப்போகும் ஒரு வீட்டுக்கு எந்த விலையிலும் அது பொருந்தாது. குடும்பம் அதனை வேண்டாம் என்றது, காரணத்தையும் சொன்னது. பிடிக்கவில்லை என்று பொதுப்படக் கூறி நழுவியிருந்தால், அடுத்ததாக அதே போன்ற இன்னொரு வண்டியைக் காட்டும் இடம் உண்டாகியிருக்கும்.

அதற்குப் பின் நடந்த பேச்சின் தன்மையே வேறாக இருந்தது. 2012ஆம் ஆண்டின் வேகன் ஆர் ஒன்றைக் காட்டும்போது, முன்பக்க பம்பரும் வலது ஃபெண்டரும் மாற்றப்பட்டவை என்பதை மேலாளர் கேளாமலே சொன்னார். மெக்கானிக் பானட்டைத் தூக்கி, ஃபெண்டர் போல்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பையும், அதற்கு உட்புறத்தில் ஏப்ரன் எனப்படும் தகடு உடையாமல் தொழிற்சாலைப் பற்றவைப்புப் புள்ளிகளோடு இருப்பதையும் காட்டினார். ஃபெண்டர் என்பது போல்டு போட்டுக் கழற்றி மாட்டும் வெளித்தகடு, ஏப்ரன் என்பது வண்டியின் எலும்புக்கூட்டைச் சேர்ந்தது, முன்னது மாறியிருந்தால் செலவு, பின்னது வளைந்திருந்தால் ஆபத்து என்பது அவர் தந்த விளக்கம். டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு உற்பத்தி வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அவற்றின்படி மூன்று டயர்கள் காரோடு வந்தவை, ஒன்று பிறகு மாற்றப்பட்டது. மீட்டர் காட்டிய தூரத்தைச் சரிபார்க்க, அதிகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தின் பதிவுகள் கேட்கப்பட்டன. ஒவ்வொரு சர்வீஸிலும் அன்றைய கிலோமீட்டர் கணினியில் ஏறிவிடுவதால், எண்கள் இடையில் எங்கும் பின்னோக்கிப் போகாமல் சீராக ஏறிவந்திருந்தால் மீட்டர் திருப்பப்படவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் தேய்வும் அதனோடு ஒத்துப்போக வேண்டும். இந்தக் காரில் ஒத்துப்போயிற்று.

விலையைப் பற்றிய பேச்சில் டீலரின் லாபம் ஒரு குற்றம்போலப் பேசப்படுவதை அடிக்கடி கேட்க முடிகிறது. காப்பீட்டுக் கணக்கில், நான்கு ஆண்டுகளைக் கடந்து ஐந்துக்குள் இருக்கும் காரின் மதிப்பு புதுக்கார் விலையில் பாதியாகக் கொள்ளப்படும். டீலர் கேட்டது அதைவிடக் கூடுதல். தாய்மாமன் ஐ.டி.வி.யைக் காட்டியே பேரம் பேச வேண்டும் என்றார். ஆனால் ஐ.டி.வி. இழப்பீட்டின் மேல்வரம்பைக் குறிக்கும் எண், சந்தை விலை அன்று. வேகன் ஆர் போல எளிதில் விற்கும் கார்கள் அந்த எண்ணுக்கு மேலேயே கைமாறுகின்றன. கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலுள்ள தொகையிலிருந்துதான் முற்றத்தின் வாடகை, வேலையாள்களின் சம்பளம், முடங்கிய பணத்தின் வட்டி, விற்காமல் நிற்கும் வண்டிகளின் தேய்மானம் ஆகியவை வர வேண்டும். பின்னாளில் சரக்கு, சேவை வரியும் இந்த இடைத்தொகையையே அடிப்படையாகக் கொண்டது. 2024 டிசம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் முடிவு செய்தபடி, பதிவு பெற்ற டீலர் விற்கும் எல்லாப் பழைய கார்களுக்கும் 18 விழுக்காடு என்று சீராக்கப்பட்ட வரி, காரின் முழு விலைக்கன்றி, இந்த லாபத்துக்கே உரியது. அரசே கணக்கில் ஏற்கும் ஒன்றை வாங்குபவர் இல்லாததுபோல் பாவிப்பதில் பொருளில்லை. குடும்பம் தன்னால் தரக்கூடிய உச்சத் தொகை எது, வங்கிக் கடன் எவ்வளவு, எந்தெந்தச் செலவு உடனே செய்ய வேண்டியிருக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னது. பழைய டயர்களை மாற்றுவதற்கான தொகையைக் கழித்து விலை முடிந்தது. கடனை டீலர் வழியாகவே வாங்கியிருந்தால் கடன் நிறுவனம் அவருக்குத் தரகு தந்திருக்கும். அது போயிற்று என்பதில் அவருக்குச் சிறு வருத்தம் இருந்ததை அவர் மறைக்கவில்லை.

தாள் வேலைகளில் கவனம் தளர்வது வழக்கம், ஏனெனில் அதற்குள் வண்டியின்மேல் மனம் வைத்தாகிவிட்டது. படிவம் 29 விற்பவர் உரிமை மாற்றத்தை அறிவிப்பது. படிவம் 30 மாற்றத்துக்கான விண்ணப்பம். கடன் இருந்த வண்டியானால், கடன் தீர்ந்ததென வங்கி கையெழுத்திட்ட படிவம் 35 வந்து, ஆர்.சி.யில் உள்ள, ஹெச்.பி. எனப்படும் கடன் குறிப்பு நீங்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்பவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்குபவர் 30 நாள்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அன்றைய வழக்கமோ, விற்பவரிடம் 29, 30 படிவங்களில் வெறுங்கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு, வண்டிக்கு ஆள் கிடைத்த பிறகு பெயரையும் நாளையும் நிரப்பிக்கொள்வது. இதில் எழும் ஆபத்து கற்பனையன்று. 2007இல் விற்கப்பட்டுக் கைமாறிக்கொண்டே போன ஒரு கார் 2009இல் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.சி.யில் இன்னும் யாருடைய பெயர் இருந்ததோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், பழைய வண்டி டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்றும், உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைத் தெரிவித்ததும் அந்த டீலரே உரிமையாளராகக் கொள்ளப்படுவார் என்றும் ஏற்படுத்தி, ஆவணத்தில் இடமில்லாதிருந்தவருக்கு ஓர் இடத்தையும் பொறுப்பையும் தந்திருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம் அது. பல ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டியது.

2016இல் அந்தப் பாதுகாப்பு இல்லாததால், ஜென்னை ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் குறித்து, அதற்குப் பின் வண்டியால் நேரும் எதற்கும் தாமே பொறுப்பு என்று டீலர் கையெழுத்திட்ட டெலிவரி நோட் ஒன்றைக் குடும்பம் எழுதி வாங்கிக்கொண்டது. ஜென்னின் இரு குறைகளும் தெரிவிக்கப்பட்டன என்ற வரியும் அதில் சேர்ந்தது. ஜென்னுக்கு உரியதாக இருந்த என்.சி.பி. வண்டியைச் சேர்ந்ததன்று, உரிமையாளரைச் சேர்ந்தது என்பதால், அதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனத்திடம் பெற்று வேகன் ஆருக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. வேகன் ஆரின் முந்தைய உரிமையாளர் அனுபவித்துவந்த தள்ளுபடி புதியவருக்குச் செல்லாது என்பதையும், காப்பீட்டைப் பெயர் மாற்ற 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் விற்பனையகத்தில் எவரும் எடுத்துச் சொல்லவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில்தான் அவை தெரியவந்தன.

சில மாதங்களில் வேகன் ஆரின் ஆர்.சி. புதிய பெயரில் வந்தது. ஜென்னின் பெயர் மாற்றம் தாமதமாயிற்று. இடையில் பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ஜென்னை வாங்க அட்வான்ஸ் கொடுத்திருப்பதாகவும், ஆர்.சி.யில் இருந்த பெயரையும் ஊரையும் கொண்டு விசாரித்து எண்ணைப் பிடித்ததாகவும், வண்டியைப் பற்றி உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். கம்ப்ரஸரைப் பற்றி டீலர் அவரிடம் சொல்லியிருந்தார். பின்மூலையைப் பற்றிச் சொல்லவில்லை. டெலிவரி நோட்டில் எழுதியிருந்தது அவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டப்பட்டது. அவர் அதனைக் குறித்துக்கொண்டு, டிங்கரிங் எந்தப் பட்டறையில் நடந்தது, உள்தகடு துரு ஏறியிருந்ததா என்று தெளிவாகக் கேட்டார். இரண்டுக்கும் விடை சொல்லப்பட்டது. மீண்டும் டீலரிடம் போய் விலையைக் குறைத்துக்கொண்டு அவர் வண்டியை எடுத்தார். அந்த மாத முடிவில், பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் ஒன்றை அவரே கோவைக்கு அனுப்பிவைத்தார்.